பரிசத் தட்டும் சீதனக் காணியும்

சில வருடங்களுக்கு முன்னர் கிளிநொச்சிப் பக்கத்தில் ஒரு கலியாணப் பேச்சுக்காலுக்குப் போயிருந்தேன். மாப்பிள்ளை பகுதிக்கு நான் அயல்வீட்டுக்காரன். அவர்கள் 1977 கலவரத்துக்குப் பிறகு மலைநாட்டிலிருந்து வந்து, காடு வெட்டி, கிணறு தோண்டிக் குடியேறிய குடும்பம். பொம்பிளை பகுதி முல்லைத்தீவுப் பக்கம் தலைமுறை தலைமுறையாக வயல் செய்கிறவர்கள். பெடியனும் பிள்ளையும் ஒரே இடத்தில் வேலை செய்து விரும்பியவர்கள். ஆகவே சம்மதம் என்ற பெரிய மலையை ஏற்கெனவே தாண்டியாயிற்று, இனி நாள் பார்ப்பதுதான் என்று நினைத்துக்கொண்டு போனோம்.

மாப்பிள்ளையின் அம்மா ஒரு தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, பூ, பழம், ஒரு சேலை, அதன்மேல் மஞ்சள் தடவிய கடித உறையில் பணம் வைத்துக் கொண்டுவந்திருந்தார். பரிசம். பெண்ணின் தகப்பனார் உறையைப் பார்த்ததும் முகம் கறுத்துப் போனார். "அம்மா, நாங்கள் பிள்ளையை விக்கேல்லை" என்றார். அந்த அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "பெத்து வளர்த்தவங்களுக்கு ஒண்ணும் வைக்காம எப்புடிங்க கூட்டிட்டுப் போறது? அது உங்களுக்கு மரியாதை இல்லீங்களே" என்றார். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு பெண்ணின் தகப்பனார் தாங்கள் தரவிருப்பதைச் சொன்னார்: வீடு, ஒரு ஏக்கர் மேட்டுக்காணி, நகை இத்தனை பவுண். இப்போது மாப்பிள்ளையின் தகப்பனாருக்கு முகம் சுருங்கியது. "எங்க பையன நாங்க விலைக்குப் போடலீங்க" என்றார்.

இரண்டு பகுதியும் கொடுக்க வந்தவர்கள். வாங்க வந்தவர் ஒருவரும் இல்லை. ஆனாலும் இருவருக்கும் மற்றவர் தங்களை விற்பனைக்காரர் ஆக்கிவிட்டதாகத் தோன்றியது. அன்று இரவு முழுக்க எனக்கு இதுவே யோசனையாக இருந்தது. பெண்ணுக்காக மாப்பிள்ளை பகுதி பணம் கொடுப்பது எங்கிருந்து வந்தது? அதை விற்பனை என்று பார்க்கும் கண் எங்கிருந்து வந்தது? அதற்குப் பிறகு தேடிப் படித்ததையும் இங்கே வன்னியில் கண்டதையும் சேர்த்து எழுதுகிறேன்.

அந்தத் தகப்பனார் மனுநீதியைப் படித்தவர் இல்லை. ஆனால் அவர் வாயிலிருந்து வந்த சொல்லின் வேர் தரும சாத்திரங்களில் இருக்கிறது. பழைய இந்து நூல்கள் மணத்தை எட்டு வகையாகப் பிரித்தன: பிரமம், தெய்வம், ஆரிடம், பிரசாபத்தியம், ஆசுரம், காந்தருவம், இராக்கதம், பைசாசம். தொல்காப்பியமும் களவியலின் தொடக்கத்தில் "மறையோர் தேஎத்து மன்றல் எட்டனுள்" என்று இவற்றைச் சுட்டுகிறது. மறையவர் நாட்டில் உள்ள எட்டு மணம் என்று, சற்றுத் தள்ளி நின்று சொல்வது போன்ற தொடர் அது. இந்த எட்டில் ஐந்தாவதான ஆசுரம்தான் விலை கொடுத்து எடுக்கும் மணம். பெண்ணின் உறவினருக்கும் பெண்ணுக்கும் தன்னால் இயன்ற பொருளைக் கொடுத்து அவளைப் பெறுவது என்று மனு அதை வரையறுக்கிறார். அந்தப் பொருளுக்கு வடமொழியில் சுல்கம் என்று பெயர். கப்பல் துறையில் வசூலிக்கும் தீர்வைக்கும் அதே சொல்தான்.

மனுநீதி இந்தச் சுல்கத்தைப் பற்றிப் பேசும் இடங்களை ஒன்றாக வைத்துப் பார்த்தால் அது ஒரே குரலில் பேசுவதாகத் தெரியவில்லை. மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு சுலோகம் வைசியருக்கும் சூத்திரருக்கும் ஆசுர மணம் உரியது என்ற கருத்தைச் சொல்கிறது. அதற்கு அடுத்ததே, ஆசுரத்தையும் பைசாசத்தையும் எவரும் ஒருபோதும் செய்யக்கூடாது என்கிறது. அறிந்த தகப்பன் மகளுக்காக அணுவளவு சுல்கமும் வாங்கக்கூடாது, வாங்கினால் பிள்ளையை விற்றவனாவான் என்று அதே அத்தியாயம் கடிந்துரைக்கிறது. ஒன்பதாம் அத்தியாயத்தில், முற்பிறப்புகளிலும்கூட இப்படி மறைமுகமாக மகளை விற்றதாக நாம் கேள்விப்பட்டதில்லை என்கிறது. ஆனால் எட்டாம் அத்தியாயம் ஒரு பெண்ணைக் காட்டி வேறொருத்தியைக் கொடுத்தால் ஒரே சுல்கத்துக்கு இருவரையும் மணக்கலாம் என்று தீர்ப்புச் சொல்கிறது. சுல்கம் கொடுத்தபின் மாப்பிள்ளை இறந்துபோனால், பெண் சம்மதித்தால் அவன் தம்பிக்குக் கொடுக்கலாம் என்று இன்னோரிடம்.

நடக்காத ஒன்றுக்கு யாரும் வழக்குத் தீர்ப்பு எழுதுவதில்லை. பெண்விலை ஊரெங்கும் வழக்கில் இருந்தது. அதை இழிவென்று கருதியவர்கள் எழுதுகோலை வைத்திருந்தார்கள். ஆனாலும் வழக்குகளுக்கு விடை சொல்லியே ஆகவேண்டியிருந்தது. கௌடலியரின் அர்த்த சாத்திரத்தில் இந்தக் கூச்சமே இல்லை. முதல் நான்கு மணங்களுக்குத் தகப்பனின் சம்மதம் போதும், ஆசுரம் முதலான மற்ற நான்கும் தாய், தகப்பன் இருவரும் ஒத்துக்கொண்டால் செல்லும், ஏனென்றால் மகளின் சுல்கத்தைப் பெறுகிறவர்கள் அவர்கள் இருவரும்தான் என்று நேராகச் சொல்லிவிடுகிறது. தாயையும் சேர்த்துச் சொன்னது கவனிக்கத்தக்கது.

ஆரிட மணத்திலும் மாப்பிள்ளை ஒரு பசுவும் ஒரு காளையும் (அல்லது இரண்டு சோடி) பெண்ணின் தகப்பனுக்குக் கொடுக்கிறான். அது சுல்கம்தானே என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். பிழை, சிறிதோ பெரிதோ வாங்கினால் விற்பனைதான் என்று மனு பதில் சொல்கிறார். ஆனால் அடுத்த சுலோகத்தில் ஒரு கதவைத் திறந்து வைக்கிறார்: உறவினர் அந்தப் பொருளைத் தங்களுக்கென்று எடுத்துக்கொள்ளாவிட்டால் அது விற்பனை ஆகாது, பெண்ணுக்குச் செய்யும் சிறப்பு என்கிறார். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது இந்த ஒரு வரியைச் சுற்றித்தான். பொருள் எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போகிறது என்பதைவிட, கடைசியில் அது யார் கையில் தங்குகிறது என்பதே பெண்ணின் வாழ்வைத் தீர்மானிக்கிறது.

இதிகாசங்களுக்குள் போனால் பரிசம் வீட்டுக்கு வீடு இருக்கிறது. பாண்டுவுக்கு மாத்திரியைக் கேட்கப் பீஷ்மர் மத்திர நாட்டுக்குப் போகிறார். சல்லியன் தயங்கித் தயங்கிச் சொல்கிறான்: எங்கள் குலத்தில் ஒரு வழக்கம் உண்டு, நல்லதோ கெட்டதோ என்னால் மீற முடியாது, அதை வாய்விட்டுச் சொல்வதும் முறையில்லை. பீஷ்மருக்கு விளங்கிவிடுகிறது. இது பிரமனே வகுத்த முறை, இதில் குற்றமில்லை என்று சொல்லி, பொன்னும் யானையும் குதிரையும் தேரும் முத்தும் பவளமும் கொடுக்கிறார். சல்லியன் தங்கையை நகை பூட்டிக் கொடுக்கிறான். கேட்க வெட்கப்படும் பெண்வீட்டாரும், வெட்கப்படத் தேவையில்லை என்று ஆறுதல் சொல்லும் மாப்பிள்ளை வீட்டாரும் அன்றைக்கே இருந்திருக்கிறார்கள்.

இராமாயணத்தில் இன்னும் கனத்த ஒரு பரிசம் இருக்கிறது. சித்திரகூடத்தில் பரதன் வந்து அழும்போது இராமன் அவனிடம் ஒன்றைச் சொல்கிறான்: நம் தகப்பனார் உன் தாயை மணந்தபோது உன் பாட்டனாருக்கு இராச்சியத்தையே சுல்கமாகத் தருவதாக வாக்களித்தார். வான்மீகியில் உள்ள சொல் இராச்சிய சுல்கம். கைகேயியின் வரங்களைப் பற்றிக் கேட்டு வளர்ந்த நமக்கு, அதற்கு முன்னரே ஒரு பரிச வாக்கு நின்றது புதிதாக இருக்கும். சீதையையும் சனகன் வீரிய சுல்கம் உடையவள் என்கிறான். வில்லை வளைக்கும் வலிமைதான் விலை.

பெண்விலையின் இருண்ட முகமும் மகாபாரதத்திலேயே உண்டு. குருதட்சணையாக, ஒரு காது மட்டும் கறுத்த 800 வெள்ளைக் குதிரைகளைத் தேடி அலைகிறான் காலவன். யயாதி தன் மகள் மாதவியைக் கொடுத்துவிடுகிறான், அவளை வைத்துச் சுல்கம் பெற்றுக்கொள் என்று. மூன்று அரசர்கள் ஆளுக்கு 200 குதிரை கொடுத்து அவளிடம் ஒவ்வொரு பிள்ளை பெறுகிறார்கள். மீதி 200 குதிரைக்குப் பதிலாகக் குருவான விசுவாமித்திரர் அவளையே ஏற்கிறார். ஒரு குதிரையும் மாதவியின் கைக்கு வரவில்லை. பின்னர் தகப்பன் அவளுக்குச் சுயம்வரம் வைத்தபோது அவள் கூடியிருந்த அரசர்களை விட்டுக் காட்டைத் தேர்ந்துகொண்டாள். பரிசம் பெண்ணுக்கு மதிப்பு, சீதனம்தான் இழிவு என்று ஒரே அடியாகச் சொல்கிறவர்கள் மாதவியை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும்.

தமிழில் இந்த வழக்கத்துக்கு வரைபொருள் என்று அழகான சொல் இருந்தது. வரைவு என்றால் மணம். மணத்துக்கு வேண்டிய பொருளைத் தேடித் தலைவன் பிரிந்து போவது அகப்பாடல்களின் ஒரு பெரிய துறை. அவன் வரும்வரை தலைவியும் தோழியும் காத்திருப்பார்கள். பின்னாளில் மாணிக்கவாசகரின் திருக்கோவையாரில் 'அருவிலை உரைத்தல்' என்று ஒரு துறையே வருகிறது. எதைக் கொடுத்தாலும் அவள் சிற்றிடைக்கு எம்மவர் விலை சொல்ல ஒப்பமாட்டார்கள் என்று தோழி தலைவனிடம் சொல்வது அது. சைவ மேடைகளில் ஓதப்படும் நூலில் இந்த வார்த்தை கூச்சமின்றி இருக்கிறது.

பொருள் இல்லாதவன் என்ன செய்வான்? உழைப்பான். அகநானூற்றில் அம்மூவனார் பாடிய நெய்தல் பாட்டு (280) ஒன்று. பெருஞ்செல்வம் கொடுத்தாலும் அவள் கிடைக்க மாட்டாள். நம் ஊரை விட்டு வந்து, அவள் தகப்பனோடு உப்பு வேலையும் கடல் வேலையும் செய்து, பணிந்து கிடந்தால் ஒருவேளை தருவானோ என்று தலைவன் நினைக்கிறான். முல்லை நிலத்தில் அந்த இடத்தை ஏறு தழுவுதல் பிடித்துக்கொண்டது. காளையின் கொம்புக்கு அஞ்சுகிறவனை ஆயர்மகள் மறுமையிலும் தழுவமாட்டாள் என்கிறது கலித்தொகை. சனகன் வைத்த வில்லும் ஆயர் விட்ட காளையும் ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றன: எங்கள் வீட்டிலிருந்து ஒரு கையைக் கொண்டுபோகிறாய், அதற்கு ஈடாக உன்னிடம் என்ன இருக்கிறது?

ஒரு கை என்பதுதான் இங்கே முக்கியம். தினைப்புனம் காப்பவளும் மோர் விற்பவளும் உப்பு உணக்குபவளும் தகப்பன் வீட்டுக்கு உழைத்துக் கொடுத்தவர்கள். அவள் போனால் அந்த வீட்டுக்கு நட்டம். டென்மார்க்கைச் சேர்ந்த பொருளியலாளர் எஸ்தர் போசரப் 1970இல் இதைப் பரந்த அளவில் எடுத்துக்காட்டினார்: பெண்கள் வயலில் முழுதாக உழைக்கும் சமூகங்களில் பொருள் மாப்பிள்ளை பக்கத்திலிருந்து வரும், கலப்பை வந்து பெண் உழைப்பின் பங்கு சுருங்கும் இடங்களில் பெண் பக்கத்திலிருந்து போகும் என்று. மூன்று வருடம் கழித்து ஜாக் கூடி (Jack Goody) என்பவரும் நம் இலங்கைத் தமிழரான மானிடவியலாளர் ஸ்டான்லி தம்பையாவும் சேர்ந்து எழுதிய நூல் கேள்வியைச் சொத்துப் பக்கம் திருப்பியது. இந்தியாவிலும் இலங்கையிலும் சீதனம் என்பது மகளுக்கு உயிரோடிருக்கும்போதே கொடுக்கும் முதுசப் பங்கு என்பது தம்பையாவின் வாதம். அவர் எடுத்துக்கொண்ட சான்றுகளில் வடபகுதித் தமிழராகிய நம் வழக்கச் சட்டமான தேசவழமையும் ஒன்று. இரண்டு விளக்கத்திலும் உண்மை இருக்கிறது. வன்னியில் இரண்டும் பக்கத்துப் பக்கத்துக் காணிகளில் வாழ்கின்றன.

மலையகத் தமிழர் 19ஆம் நூற்றாண்டில் திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம், சேலம் பக்கங்களிலிருந்து கோப்பித் தோட்டத்துக்கும் தேயிலைத் தோட்டத்துக்கும் வந்தபோது பரிசத்தையும் கூடவே கொண்டுவந்தார்கள். அந்தச் சீமைகளில் பிராமணர் அல்லாத பெரும்பாலான சாதிகளில் அதுவே முறை. வெற்றிலை மாற்றி, சபையில் "பணம் உங்களுது, பொண்ணு எங்களுது" என்று மாப்பிள்ளை பகுதியார் மும்முறை சொல்லிப் பணத்தைக் கொடுப்பார்கள். தமிழ்நாட்டில் 20ஆம் நூற்றாண்டில் இந்த முறை தலைகீழாகப் புரண்டு வரதட்சணை ஆனது. படித்த மாப்பிள்ளையும் அரசாங்க உத்தியோகமும் வந்தபோது, மேல்சாதியாரின் கன்னிகாதான முறையைப் பின்பற்றுவது கௌரவம் ஆயிற்று. எம். என். சீனிவாஸ் இந்த மாற்றத்தைக் குறித்து எழுதியிருக்கிறார். ஆனால் தோட்டத்தில் நிலைமை வேறு. அங்கே பெண்தான் கொழுந்து பறித்தாள், அவள் பேரில்தான் கூலி விழுந்தது. எழுதிக் கொடுக்க எவரிடமும் காணி இல்லை. அதனால் பரிசம் அங்கே நீண்டகாலம் உயிரோடு இருந்தது.

அந்த மக்களை 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் ஆயிரக்கணக்கில் கணக்குப் போட்டுப் பிரித்தது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே, மீதி 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. 1970களின் நடுவில் தோட்டங்களில் பஞ்சம். 1977இல் கலவரம். அந்த அலைகளில் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் வந்தவர்கள்தான் இன்று நம் அயலவர். வன்னியின் மிளகாய்த் தோட்டங்களிலும் வயல்களிலும் அவர்கள் சிந்திய வியர்வைக்கு இந்த மண் இன்னும் சரியாகக் கணக்குத் தீர்க்கவில்லை. சம்பந்தம் செய்வதில்கூட அவர்களை ஒருபடி கீழே வைத்துப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். தட்டில் இருந்த பணத்தைக் கண்டதும் அந்தத் தகப்பனாருக்கு வந்த கோபத்தில் இந்தப் பார்வையும் கொஞ்சம் கலந்திருந்தது என்றே நினைக்கிறேன்.

வன்னியின் பழைய குடிகளுடைய முறை சீதனம். அதைத் தாங்கி நிற்பது தேசவழமை. ஒல்லாந்தர் காலத்தில் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் எழுதித் தொகுத்து, 12 முதலியார்கள் பார்த்துச் சரியென்று சொன்ன தொகுப்பு அது. 1707இல் நடைமுறைக்கு வந்தது. 1806இல் ஆங்கிலேயரும் அதைச் சட்டமாக ஏற்றார்கள். தேசவழமையில் சொத்து மூன்று: பரம்பரையாக வந்த முதுசம், சீதனம், மணத்துக்குப் பிறகு சம்பாதித்த தேடியதேட்டம். சீதனம் மனைவியின் சொத்து. புருசனுடைய முதுசத்தோடு அது கலப்பதில்லை. பிள்ளையில்லாமல் அவள் இறந்தால் சீதனம் புருசன் வீட்டில் நிற்காது, அவள் பிறந்த பக்கத்துக்கே திரும்பும். வேடிக்கை என்னவென்றால், பிள்ளையில்லாத பெண்ணின் சொத்து நல்ல மணங்களில் புருசனுக்கும் ஆசுர மணத்தில் அவள் தாய் தகப்பனுக்கும் போகும் என்பது மனுவின் விதி. சீதனம் கொடுக்கும் நாங்கள் இந்த ஒரு விடயத்தில் சாத்திரம் பழித்த ஆசுர மணத்தின் பக்கத்தில் நிற்கிறோம்.

தேசவழமை எழுதியபடி நடந்திருந்தால் சீதனத்தைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. தாயிடமிருந்து மகளுக்குப் போகும் ஒரு கொடி அது. ஆனால் நாளடைவில் இரண்டு ஓட்டை விழுந்தது. ஒன்று, 1911இன் கட்டளைச் சட்டம்: மனைவி தன் அசையாச் சொத்தை விற்கவோ ஈடுவைக்கவோ புருசனின் எழுத்துச் சம்மதம் வேண்டும். உறுதி அவள் பேரில், சாவி அவன் கையில். மற்றது, நன்கொடை. முன்பு இனாம் என்றார்கள், இப்போது டொனேசன் என்கிறார்கள். பிள்ளையின் பேரில் எழுதும் காணிக்கும் போடும் நகைக்கும் மேலாக, மாப்பிள்ளையின் தாய் தகப்பனிடம் எண்ணிக் கொடுக்கும் காசு. அது பெரும்பாலும் மாப்பிள்ளையின் தங்கைச்சிக்குச் சீதனமாகப் போகும். அங்கிருந்து இன்னொரு வீட்டுக்கு. மனு ஆசுரம் என்று எதைப் பழித்தாரோ, அதைத் திசைமாற்றிப் போட்டால் டொனேசன்தான். அன்று வரைபொருள் தேடித் தலைவன் பிரிந்தான். இங்கே தங்கைச்சியின் சீதனத்துக்காக அண்ணன் கட்டாருக்கும் சவுதிக்கும் கனடாவுக்கும் பிரிந்து போகிறான்.

வன்னிக்கு இன்னொரு சிக்கல் உண்டு. யாழ்ப்பாணத்தில் பெரும்பாலும் உறுதிக் காணி. இங்கே இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் என்று குளங்களின் கீழே குடியேற்றத் திட்டங்களில் கொடுக்கப்பட்டவை பெர்மிட் காணிகள். 1935இன் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்த அனுமதிப்பத்திரக் காணியை நினைத்தபடி துண்டாடி மகள்மாருக்குச் சீதனமாக எழுத முடியாது. பின்னுரிமையாளர் பெயரிடாமல் தகப்பன் இறந்தால் மகன்மாருக்கு முதலிடம் என்றுதான் அந்தச் சட்டம் பல தலைமுறையாக இருந்தது. தேசவழமை மகளுக்குக் கொடுத்ததைப் பெர்மிட் சத்தமில்லாமல் மகன் பக்கம் திருப்பிவிட்டது. அதனால் வன்னியில் பலருக்குச் சீதனம் என்பது வீடு, நகை, மாடு, காசு. போருக்குப் பிறகு இந்திய உதவியில் ஒரு வீட்டுக்கு 5,50,000 ரூபா என்று கட்டப்பட்ட வீட்டுத்திட்ட வீடும் இப்போது பேச்சுக்காலில் இடம்பெறுகிறது. "வீடு பிள்ளைக்குத்தான்" என்று சபையில் வாயால் சொல்வார்கள். பத்திரம் தகப்பன் பேரில் இருக்கும்.

வாயால் சொன்னது யார் கையில் சேர்ந்தது என்று கேட்டால் சட்டங்களும் வெவ்வேறு விடை சொல்கின்றன. யாக்ஞவல்கிய ஸ்மிருதி சுல்கத்தை ஸ்திரீதனத்தின் ஒரு வகையாகவே எண்ணுகிறது. அதாவது மாப்பிள்ளை கொடுத்த பணம் காலப்போக்கில் பெண்ணின் சொத்தாகக் கணிக்கப்பட்டது. தமிழ்நாட்டில் பல குடும்பங்கள் பரிசப் பணத்தோடு தங்கள் பங்கையும் சேர்த்து நகையாக்கிப் பெண்ணுக்கே பூட்டியதும் இந்த வழிதான். பரிசம் வாங்கிய மணங்கள் எல்லாம் ஆசுரமா என்ற கேள்வி சொத்து வழக்குகளாகச் சென்னை நீதிமன்றங்களை நெடுங்காலம் அலைக்கழித்தது. 1963இல் இந்திய உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் சொன்னதன் சாரம்: பெண்ணைக் கொடுப்பதற்குக் கைம்மாறாகத் தகப்பன் தன் நலனுக்குப் பணமோ பணப்பெறுமதியோ வாங்கியிருந்தால்தான் அது ஆசுரம். நம் முஸ்லிம் அயலவரிடமும் இதற்கு ஒப்பான ஏற்பாடு இருக்கிறது. மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுக்கும் மஹர் ஒருபக்கம், பெண்வீட்டார் மாப்பிள்ளையிடம் கொடுக்கும் கைக்கூலி மறுபக்கம். 1951இன் முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டப்படி அந்தக் கைக்கூலியை மனைவி காதி நீதிமன்றத்தில் திருப்பிக் கேட்கலாம். டொனேசனுக்கு அப்படி ஒரு வாசல் இல்லை. தடைச் சட்டங்களும் இருந்தன. இந்தியாவில் 1961இன் சட்டம் ஒரு தரப்பு மறு தரப்புக்குக் கொடுப்பது என்று பொதுப்பட எழுதியதால் பரிசத்தையும் அது தொடக்கூடும். வன்னி புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த காலத்தில் சீதனம் வாங்குவதை அவர்களும் தடைசெய்திருந்தார்கள். தடையிருந்த காலங்களிலும் உறைகள் இருட்டில் கைமாறின.

அந்தப் பேச்சுக்கால் எப்படி முடிந்தது என்று சொல்ல வேண்டும். பெண்ணின் பெரியம்மா ஒருவர் குசினி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். போர் முடிந்த வருடம் புருசனை இழந்தவர். அவர் வந்து தாம்பாளத்தைத் தூக்கி, தகப்பனாரைத் தாண்டிப் போய், உள்ளே இருந்த பிள்ளையின் மடியில் வைத்தார். "பிள்ளை, எண்ணிப் பார். உன்ர பேரில பாங்கில போடு. கொப்பர் வாங்கேல்லை, நீதான் வாங்கியிருக்கிறாய்" என்றார். பிறகு மாப்பிள்ளையின் தகப்பனாரைப் பார்த்து, வீடும் பிள்ளையின் பேரில்தான், உங்கட மகன் அதில் இருக்கலாம், விலைக்குப் போனதாக நினைக்க வேண்டாம் என்றார். பகல் சாப்பாடு பரிமாறும்போது யாரும் விற்பனை என்ற சொல்லை எடுக்கவில்லை. மனு ஒரு சுலோகத்தில் திறந்து வைத்த கதவை அந்தப் பெரியம்மா தன் அனுபவத்தால் கண்டுபிடித்திருந்தார்.

அவருடைய அனுபவம் நகையைப் பற்றியது. நம் கலியாணங்களில் எவ்வளவு சீதனம் பேசினாலும் கூறைச்சீலையும் தாலிக்கொடியும் மாப்பிள்ளை பகுதி கொண்டுவர வேண்டும். மாப்பிள்ளை வீட்டில் நாள் பார்த்துப் பொன்னுருக்கித் தாலி செய்வார்கள். இதைப் பரிசம் என்று யாரும் சொல்வதில்லை. ஆனாலும் 9 பவுண், 11 பவுண் என்று பெண்ணின் கழுத்தில் ஏறுகிற அந்தக் கொடி, மாப்பிள்ளை பக்கத்திலிருந்து பெண்ணுக்கு வரும் பெரும்பொருள். சீதன நகையும் கூடச் சேரும். காணியைப் போல அதற்குப் புருசனின் கையெழுத்து வேண்டியதில்லை. அவசரத்துக்கு அவளே அடகு வைக்கலாம், மீட்கலாம். வற்றாப்பளையில் வைகாசிப் பொங்கலுக்கு நாம் கூடிக் கும்பிடும் கண்ணகியும், முதுசத்தையெல்லாம் தொலைத்துவிட்டு வந்து நின்ற கோவலனிடம் "சிலம்பு உள, கொண்ம்" என்றுதானே சொன்னாள். அவள் கையில் மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான்.

போர்க்காலத்தில் வன்னியில் பல பெண்கள் விதைப்புக்கும் மருந்துக்கும் இடப்பெயர்வுக்கும் என்று தாலிக்கொடியைப் புலிகளின் வங்கியான தமிழீழ வைப்பகத்தில் அடகு வைத்தார்கள். 2009இல் எல்லாம் முடிந்தபோது அந்த நகைகள் இராணுவத்தின் கைக்குப் போயின. 2025 மே மாதத்தில் இராணுவம் தன்னிடமிருந்த நகைகளில் ஒரு தொகுதியைப் பொலிசாரிடம் ஒப்படைத்தது. அந்தச் செய்தி வந்த நாளில் பெரியம்மா என் வீட்டுக்கு வந்தார். அடகுத் துண்டு முள்ளிவாய்க்காலில் பையோடு போய்விட்டது. துண்டு இல்லாமல் எப்படிக் கேட்பது, ஒரு கடிதம் எழுதித் தாருங்கள் என்றார். அடையாளம் சொல்லுங்கள் என்றேன். பதினொரு பவுண், முறுக்குக் கொடி, தாலிக்குப் பக்கத்தில் ஒரு வளையம் நெளிஞ்சிருக்கும், மூத்தவன் பால் குடிக்கேக்க கடிச்சு இழுத்தது என்றார். அப்படியே எழுதினேன்.